அரிய கல்லீரல் நோய்க்கு ஏஐ உதவுமா? குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் தம்பிக்கு வில்சன் நோய். அவனைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்ததில் இதே போன்ற நோயுள்ள பல குடும்பங்கள் பழக்கமாகிவிட்டன. ஏதாவது சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்பார்கள். நான் டாக்டர் இல்லை, தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததை டாக்டரிடம் கேட்கச் சொல்வேன். முன்பெல்லாம் மாத்திரை எங்கே கிடைக்கும், டெஸ்ட் எங்கே எடுக்கலாம் என்று கேட்டவர்கள் இப்போது பாதிக்குப் பாதி ஏஐ பற்றித்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

அரிய கல்லீரல் நோய் என்று எதைச் சொல்கிறார்கள்?

ஐரோப்பாவில் 2,000 பேரில் ஒருவருக்கு மேல் வராத நோயை அரிய நோய் என்கிறார்கள். அமெரிக்காவில் நாடு முழுக்க 2 லட்சம் பேருக்குக் குறைவாக இருந்தால் அரிய நோய். கல்லீரலில் இப்படி நிறைய உண்டு. வில்சன் நோயில், சாப்பாட்டில் வரும் செம்புச் சத்தை உடம்பு வெளியேற்ற முடியாமல் கல்லீரலிலும் மூளையிலும் தேக்கிவிடும், சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு வரும். பிலியரி அட்ரீசியா என்பது பிறந்த குழந்தைக்குப் பித்தக் குழாய் அடைத்துப் போவது. அலாஜில், பி.எஃப்.ஐ.சி., டைரோசினீமியா ஆகியவை மரபணுக் கோளாறால் வருபவை, பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தெரிய வரும். பி.எஸ்.சி., பி.பி.சி. என்று சுருக்கமாகச் சொல்லும் பித்தக்குழாய் நோய்கள் பெரும்பாலும் பெரியவர்களுக்கு வருபவை.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே அரிதுதான். ஆனால் வில்சன், டைரோசினீமியா போன்றவை அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வரும், அதனால் சொந்தத்தில் கல்யாணம் செய்யும் வழக்கம் உள்ள நம் ஊரில் இவற்றுக்கான வாய்ப்பு கூடுதல். என் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள்.

இதில் ஏஐக்கு என்ன வேலை?

என்னைக் கேட்டால் ஒரே வேலைதான் முக்கியம், தாமதத்தைக் குறைப்பது. இந்த நோய்களில் மருந்தே இல்லாமல் போவதைவிட மருந்து இருந்தும் நோயைக் கண்டுபிடிக்க வருடக்கணக்கில் ஆவதுதான் பெரிய கொடுமை. வில்சனுக்குப் பெனிசிலமின் மாத்திரை 1956-லேயே வந்துவிட்டது. என் தம்பிக்கு நோயின் பெயர் தெரிய ஒன்றரை வருடம் ஆனது.

அவன் ஒன்பதாம் வகுப்புத் தமிழ் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஜூன் மாதப் பக்கங்களில் எழுத்து குண்டு குண்டாக, கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். அரையாண்டுக்குள் கோட்டை விட்டு இறங்கி, சுருங்கி, 'ழ'வுக்கும் 'மு'வுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு ஆகிவிட்டது. கவனக்குறைவு என்று பள்ளியில் சொன்னார்கள். பிறகு பேச்சு குழறியது, தூங்கி எழுந்தால் தலையணை எச்சிலில் நனைந்திருக்கும். மூன்று டாக்டர்களைப் பார்த்தோம். நாலாவதாகப் பார்த்த நரம்பு டாக்டர் கண் பிரிவுக்கு அனுப்பினார், அங்கே கருவிழி ஓரத்தில் பழுப்பும் பச்சையும் கலந்த வளையம் தெரிந்தது. கெய்சர்-ஃபிளைஷர் வளையம், செம்பு படிந்து வருவது. அதற்கு இரண்டு வருடம் முன்பு அவனுக்கு ஒரு தடவை மஞ்சள் காமாலை வந்து, பச்சிலை கொடுத்து, தானாகவே சரியாகியிருந்தது. பழைய காமாலையையும் புதிய கையெழுத்துக் கோளாறையும் யாரும் ஒரே காகிதத்தில் எழுதிப் பார்க்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

போன வருடம் ஒரு நாள் இரவு, பெயர் எதுவும் போடாமல் இந்த இரண்டையும் ஒரு சாட்பாட்டில் தட்டினேன். வில்சன் நோய் என்று இரண்டாவது வரியிலேயே வந்தது. அப்படியே உட்கார்ந்து அழுதேன். பிறகு காமாலையை விட்டுவிட்டுக் கையெழுத்தை மட்டும் போட்டுக் கேட்டேன். கண் பரிசோதனை செய்யுங்கள், எழுத்துப் பயிற்சி கொடுங்கள், பேனாவை மாற்றுங்கள் என்று வந்தது. முழுக் கதையைச் சொன்னால்தான் அதனால் முடிச்சுப் போட முடியும். கதையைத் திரட்டுவது நம் வேலை.

குழந்தைக்குக் காமாலை போகவில்லை. மலத்தைப் போட்டோ எடுத்து ஏஐயிடம் காட்டலாமா?

காட்டலாம். ஆனால் அதற்காக ஒரு நாளைக்கூட வீணாக்காதீர்கள்.

பிறந்து இரண்டு வாரம் தாண்டியும் கண் மஞ்சளாக இருந்தால், தாய்ப்பால் காமாலை, வெயிலில் காட்டினால் போய்விடும் என்று யார் சொன்னாலும், 'டைரக்ட் பிலிருபின்' (காமாலைக்குக் காரணமான மஞ்சள் நிறமியில் ஒரு வகை) எவ்வளவு என்று ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துவிடுங்கள். மலம் சுண்ணாம்பு மாதிரியோ களிமண் மாதிரியோ வெளிறிப் போனால் அன்றைக்கே கிளம்புங்கள், பிலியரி அட்ரீசியாவாக இருக்கலாம். கீழாநெல்லி கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்கும் நோய் இல்லை இது. ஜப்பானில் மோரியோ கசாய் என்ற அறுவை மருத்துவர் 1959-ல் வெளியிட்ட முறைப்படி, குடலை நேராகக் கல்லீரலோடு இணைத்துப் பித்தம் வடிய வழி செய்வார்கள். பிறந்து 60 நாளைக்குள் செய்தால் பலன் அதிகம், நாள் தள்ளத் தள்ளக் குறையும். அதற்குள் ஆகாவிட்டாலோ, செய்தும் பித்தம் சரியாக வடியாவிட்டாலோ கல்லீரல் மாற்று சிகிச்சைதான். 1998-ல் டெல்லியில் நடந்த, இந்தியாவின் வெற்றிகரமான முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று சிகிச்சையே இந்த நோய்க்குத்தான். இரண்டு வயது நிறையாத காஞ்சிபுரத்துப் பையன், கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தது அவன் அப்பா. அந்தப் பையன் வளர்ந்து டாக்டராகிவிட்டார்.

போட்டோ விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 'பூப்எம்டி' என்று ஒரு செயலியே செய்தார்கள், மலத்தின் நிறத்தைப் போன் கேமராவில் பார்த்து வெளிறியதா இல்லையா என்று சொல்லும். ஆனால் இதற்கும் முன்னோடி ஒரு வெறும் அட்டை. தைவானில் 2004-லிருந்து பிறக்கும் குழந்தைகளின் பெற்றோர் எல்லோருக்கும் மல நிறங்கள் அச்சடித்த அட்டை கொடுக்கிறார்கள். 60 நாளைக்குள் அறுவை சிகிச்சை நடந்த குழந்தைகள் அந்த வருடம் 60 சதவீதம், அடுத்த வருடமே 74 சதவீதம். நம் ஊரில் ஒவ்வொரு பிரசவ வார்டிலும் அப்படி ஒரு அட்டை தொங்கினால் போதும் என்று நான் எத்தனையோ பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். செயலி வைத்துப் பார்ப்பவர்கள் விளக்கு வெளிச்சத்தில் எடுக்காதீர்கள், மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் வெள்ளை மலமும் மஞ்சளாகத் தெரியும். பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் எடுங்கள். செயலி 'சரியாக இருக்கிறது' என்று சொல்லி உங்கள் கண்ணுக்கு வெளிறித் தெரிந்தால், உங்கள் கண்ணை நம்பிக் கிளம்புங்கள்.

ஸ்கேனைப் பார்த்து ஏஐ டாக்டரைவிட நன்றாகக் கண்டுபிடிக்கிறதாமே?

2021-ல் சீனாவில் ஒரு குழு பித்தப்பையின் அல்ட்ராசவுண்ட் படங்களை வைத்து பிலியரி அட்ரீசியாவைக் கண்டுபிடிக்கும் ஏஐ ஒன்றை வெளியிட்டது. வேறு பல ஆஸ்பத்திரிகளின் படங்களில் சோதித்தபோது, நோய் உள்ள குழந்தைகளில் 93.1 சதவீதத்தைச் சரியாகப் பிடித்தது, நோய் இல்லாத குழந்தைகளில் 93.9 சதவீதத்தை இல்லை என்று சரியாகச் சொன்னது. அனுபவமுள்ள நிபுணர்களைவிட மேல். ஸ்கேன் திரையைப் போனில் போட்டோ எடுத்துக் கொடுத்தாலும் ஓரளவு நன்றாகவே வேலை செய்தது. சின்ன ஊர் ஸ்கேன் சென்டருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள், குழந்தை கல்லீரல் நிபுணர் என்பவர் சில பெரிய நகரங்களில்தான் இருக்கிறார்.

ஒரு கணக்கு மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 15,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்த நோய் என்று வைத்துக்கொள்வோம். காமாலை இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் 15,000 குழந்தைகளையும் இந்த ஏஐயில் போட்டால், நோய் உள்ள அந்த ஒரு குழந்தையைப் பெரும்பாலும் பிடித்துவிடும், கூடவே நோயே இல்லாத 900 குழந்தைகளின் வீட்டிலும் கலவரத்தை உண்டாக்கிவிடும். அதே ஏஐயை, காமாலை போகாமல் வெளிறிய மலத்தோடு வந்த குழந்தைகளிடம் மட்டும் பயன்படுத்தினால் அந்தப் பதில் மதிப்புள்ளது. 93 சதவீதம் என்று செய்தி படிக்கும்போது, யாரிடம் சோதித்த 93 என்று கேளுங்கள்.

ரத்த ரிப்போர்ட்டை சாட்பாட்டில் போட்டு அர்த்தம் கேட்கலாமா?

கேட்கலாம், நானும் கேட்கிறேன். எல்.எஃப்.டி. (கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ரத்த டெஸ்ட்) ரிப்போர்ட்டில் எந்த எண் எதைக் குறிக்கிறது, டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதையெல்லாம் எளிய தமிழிலேயே சொல்லிவிடுகிறது. அஞ்சு நிமிடத்தில் வெளியே வந்துவிடும் ஓ.பி.யில் நமக்கு யார் இவ்வளவு விளக்குவார்கள்?

ஆனால் எண்ணைவிட அலகு முக்கியம். தெரிந்த ஒரு அம்மா, மகளின் செருலோபிளாஸ்மின் ரிப்போர்ட்டைப் போட்டோவாகவே ஏற்றினார். செருலோபிளாஸ்மின் என்பது ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதம், வில்சனில் பெரும்பாலும் குறைந்திருக்கும். ரிப்போர்ட்டில் 0.11 என்று இருந்தது, லிட்டருக்கு கிராம் கணக்கில். சாட்பாட் அதை டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று படித்து, ஏறக்குறைய பூஜ்யம் என்று பயமுறுத்திவிட்டது. உண்மையில் அது 11 மில்லிகிராம். 20-க்கு மேல் இருக்க வேண்டியது என்பதால் குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. அந்த அம்மா ஒரு இரவு முழுக்கத் தூங்கவில்லை. போட்டோ ஏற்றாதீர்கள், எண்ணையும் அலகையும் ஆய்வுக்கூடம் பக்கத்தில் அச்சடித்திருக்கும் இயல்பு அளவையும் நீங்களே தட்டுங்கள்.

இன்னொன்று, செருலோபிளாஸ்மின் சரியாக இருந்தால் வில்சன் இல்லை என்று சாட்பாட் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். உடம்பில் அழற்சி இருந்தால் அது ஏறிக்காட்டும். பிறந்த சில மாதக் குழந்தைகளுக்கு இயல்பாகவே குறைவாக இருக்கும். இதனால்தான் டாக்டர்கள் கண் பரிசோதனை, 24 மணி நேர மூத்திரத்தில் செம்பு அளவு, மரபணு என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அந்த 24 மணி நேர மூத்திரத்தை எப்படிப் பிடித்தீர்கள் என்பதும் எந்த ஏஐக்கும் தெரியாது. காலையில் முதல் மூத்திரத்தை விட்டுவிட்டுக் கணக்கைத் தொடங்கி மறுநாள் காலை முதல் மூத்திரத்தோடு முடிக்க வேண்டும், ஆய்வுக்கூடம் கொடுக்கும் கேனிலேயே பிடிக்க வேண்டும். தம்பி பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை போய்விட்டு வந்து சொல்லவே இல்லை, ஒரு ரிப்போர்ட்டே பாழாகிவிட்டது.

மரபணு ரிப்போர்ட்டில் 'முக்கியத்துவம் தெரியாத மாற்றம்' என்று வந்திருக்கிறது. ஏஐ தீர்த்து வைக்குமா?

உதவும், தீர்ப்பு சொல்லாது. வில்சன் நோய்க்குக் காரணமான ஏடிபி7பி மரபணுவில் நூற்றுக்கணக்கான மாற்றங்கள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. ஐரோப்பாவில் அதிகம் காணப்படும் மாற்றம் ஒன்று, சீனா பக்கம் வேறு ஒன்று, நம் ஊரில் இன்னும் வேறு. அதனால் ரிப்போர்ட்டில் புதிதாக ஒன்று வந்து, அது கெடுதலா இல்லையா என்று தெரியாமல் போவது சகஜம். கூகுளின் டீப்மைண்ட் 2023-ல் வெளியிட்ட ஆல்ஃபாமிஸ்சென்ஸ், இப்படிப்பட்ட 7 கோடியே 10 லட்சம் மாற்றங்களைப் பார்த்து எது கெடுதலாக இருக்கலாம், எது இல்லை என்று கணித்தது, பத்தில் ஒரு பங்குக்கு அதாலேயே முடிவு சொல்ல முடியவில்லை. மரபணு நிபுணர்கள் இதை ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள், கூடவே அப்பா அம்மா ரத்தத்தையும் பார்ப்பார்கள். பெற்றோர் இருவருக்கும் டெஸ்ட் எடுத்தால் பல சமயம் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

முகத்தைப் பார்த்தே நோய் சொல்லும் ஏஐ இருக்கிறதாமே?

இருக்கிறது. ஃபேஸ்2ஜீன் என்று மரபணு மருத்துவர்கள் பயன்படுத்தும் கருவி. அலாஜில் நோயில் அகன்ற நெற்றி, உள்வாங்கிய கண், கூர்மையான முகவாய் என்று ஒரு முகவாகு உண்டு, அப்படிப்பட்டவற்றில் இது கை கொடுக்கும். வில்சனில் அப்படித் தனி முகவாகு கிடையாது, அங்கே இதற்கு வேலையில்லை.

என் நோய் எப்போது முற்றும் என்று ஏஐ சொல்லுமா?

பி.எஸ்.சி. உள்ளவர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள், அந்தக் கேள்விக்குப் பின்னால் உள்ள பயம் எனக்குப் புரிகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் தலைமையில் 'பிரெஸ்டோ' என்ற கணிப்பான் உருவானது. பிலிருபின், ஆல்புமின், ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ், பிளேட்லெட், ஏ.எஸ்.டி., ஹீமோகுளோபின், சோடியம், வயது, நோய் தெரிந்து எத்தனை வருடம் என்ற ஒன்பது விவரங்களை வைத்து, வயிற்றில் நீர் கோப்பது, ரத்த வாந்தி போன்ற நிலைக்குப் போகும் வாய்ப்பைக் கணக்கிடும். வயதும் வருடமும் போக மற்றதெல்லாம் சாதாரண ரத்த டெஸ்ட்தான் என்பது இதன் அழகு. பழைய கணிப்பான்களைவிட இது நன்றாகவே கணித்தது.

ஆனால் இது கற்றுக்கொண்டது 509 நோயாளிகளிடம், அதுவும் வட அமெரிக்காவில். சோதித்தது இன்னும் 278 பேரிடம். அரிய நோயில் இதுவே பெரிய எண்ணிக்கை! நாயையும் பூனையையும் பிரிக்கக் கற்கும் ஏஐக்கு லட்சக்கணக்கில் படம் கிடைக்கும், நம் நோய்களுக்கு நூறு நூறாகத்தான் ஆள் சேர்க்க முடியும். அதில் வந்த சதவீதத்தை ஜாதகம் மாதிரி கையில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். அடுத்த எண்டோஸ்கோபி எப்போது, மாற்று சிகிச்சைக் குழுவை இப்போதே பார்க்க வேண்டுமா என்று டாக்டர் முடிவெடுக்கத்தான் அது.

ஏஐ புது மருந்து கண்டுபிடித்துவிட்டதா?

நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. 2024-ல் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் 'டிஎக்ஸ்ஜிஎன்என்' என்று ஒரு ஏஐயை வெளியிட்டார்கள். வேறு நோய்க்கு ஏற்கெனவே இருக்கும் மருந்துகளில் எது 17,000 நோய்களில் எதற்குப் பொருந்தும் என்று தேடும். வில்சனுக்கு அது முதலிடத்தில் காட்டியது டெஃபராசிராக்ஸ். தலசீமியா குழந்தை உள்ள வீடுகளுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும், ரத்தம் ஏற்றி ஏற்றிச் சேரும் இரும்பை வெளியேற்றும் மாத்திரை. செய்தியைப் பார்த்த ஒருவர் மருந்துக் கடைக்கே போய்விட்டார், நல்லவேளை கடைக்காரர் சீட்டு இல்லாமல் கொடுக்கவில்லை. கல்லீரலும் சிறுநீரகமும் செயலிழக்கக்கூடும் என்று அந்த மருந்துக்கே கடும் எச்சரிக்கை இருக்கிறது. ஏற்கெனவே கல்லீரல் கெட்டவருக்கு அது என்ன செய்யும்? கம்ப்யூட்டர் கொடுத்தது ஆராய்ச்சிக்கான பெயர், உங்களுக்கான மருந்துச் சீட்டு இல்லை.

சாப்பாட்டு விஷயத்தில் கேட்கலாமா?

கேட்கும்போது முதல் வரியிலேயே நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள். பொதுவாகக் 'கல்லீரலுக்கு எது நல்லது' என்று கேட்டால், இணையத்தில் கொட்டிக் கிடக்கும் அறிவுரைதான் வரும், அதில் செம்புக் குடத்தில் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கச் சொல்வதும் இருக்கும். வில்சன் உள்ளவர் வீட்டில் முதலில் பரணில் ஏற்ற வேண்டியது அந்தக் குடத்தைத்தான். செம்பு அதிகமுள்ள ஈரல், முந்திரி மாதிரிக் கொட்டைகள், காளான், சாக்லேட் எல்லாவற்றையும் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

பாத்திரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் ஒரு காலத்தில் சின்னக் குழந்தைகளின் கல்லீரல் சுருங்கி இறந்துபோகும் நோய் ஒன்று இருந்தது, இந்தியக் குழந்தைச் சிரோசிஸ் என்றே அதற்குப் பெயர். அந்தக் கல்லீரல்களில் செம்பு நிறைந்திருந்தது. எண்பதுகளில் புனேயில் ஆராய்ந்தவர்கள், பாலை எந்தப் பாத்திரத்தில் காய்ச்சினீர்கள் என்று தாய்மார்களைக் கேட்டார்கள். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரம். எவர்சில்வருக்கு மாறியதோடு அந்த நோய் ஏறக்குறைய மறைந்துவிட்டது. எந்த ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டிலும் பால் பாத்திரத்துக்கு இடம் இருந்ததில்லை. கேஸ் ஷீட்டை மட்டும் படிக்கும் ஏஐக்கு இது ஒருநாளும் தெரிந்திருக்காது. அதனால்தான் டாக்டரிடமும் ஏஐயிடமும் வீட்டு விஷயத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன்: நாட்டு மருந்து, சூரணம், பாத்திரம், குடும்பத்தில் யாராவது காமாலையில் சின்ன வயதில் போனார்களா என்று எல்லாம்.

நம் விவரம் வெளியே போய்விடாதா?

போகலாம். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதே வருடம் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) மருத்துவத்தில் ஏஐயைப் பயன்படுத்த நெறிமுறைகள் வெளியிட்டது. இருந்தாலும் நீங்களே ஏற்றியதைத் திரும்ப வாங்குவது லேசில்லை. அரிய நோயில் பெயரை எடுத்துவிட்டால் மட்டும் போதாது, ஊரும் வயதும் நோயும் சேர்ந்தாலே யாரென்று தெரிந்துவிடும். பெண் பார்க்கும் நேரத்தில் இது என்ன பாடு படுத்தும் என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். பெயர், ஊர், ஆஸ்பத்திரி எண் எதையும் தட்டாதீர்கள்.

ஏஐ சொன்னதை டாக்டரிடம் காட்டினால் கோபித்துக்கொள்வாரா?

'ஏஐ வில்சன் என்கிறது' என்று ஆரம்பித்தால் யாருக்குமே பிடிக்காது. ஒரு பக்கத்தில் தேதி வாரியாக நடந்ததை எழுதிக்கொண்டு போய், 'சார், பன்னிரண்டு வயதில் காமாலை வந்தது, இப்போது கை நடுங்குகிறது, வில்சனாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது, கண் டெஸ்ட் பார்க்கலாமா?' என்று கேளுங்கள். நான் பார்த்தவரை யாரும் கோபித்ததில்லை. அந்தப் பக்கத்தைத் தயார் செய்ய ஏஐயைப் பயன்படுத்துங்கள், இதற்கு அதைப்போல உதவி வேறில்லை.

ரிப்போர்ட் எல்லாம் நன்றாக இருக்கிறது. மாத்திரையை நிறுத்தலாம் என்று ஏஐ சொன்னால்?

நிறுத்தாதீர்கள். வில்சன் மாத்திரை வாழ்நாள் முழுக்க. ரிப்போர்ட் நன்றாக இருப்பதே மாத்திரையால்தான். திடீரென்று நிறுத்தியவர்களுக்குக் கல்லீரல் ஒரேயடியாகச் செயலிழந்து போயிருக்கிறது.

கூடப் பிறந்தவர்களுக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

கட்டாயம் எடுக்க வேண்டும். ஒருவருக்கு வில்சன் என்றால் கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, அறிகுறி வருவதற்கு முன்பே தெரிந்தால் மாத்திரையிலேயே முழு வாழ்க்கையும் ஓடிவிடும். நீங்கள் நோயாளியைப் பற்றி மட்டும் கேட்டால் சாட்பாட் பல நேரம் இதைச் சொல்வதில்லை, அதனால் நீங்களாகக் கேளுங்கள். எனக்கும் எடுத்தார்கள், என் அக்காவுக்கும் எடுத்தார்கள். எனக்கு நோய் இல்லை, ஒரு பழுதான மரபணுவை மட்டும் சுமக்கிறேன். அக்காவுக்கு இருந்தது. ஒரு அறிகுறிகூட இல்லாமல், கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த பெண். இப்போது அவளுக்கு இரண்டு குழந்தைகள், காலையில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு மாத்திரை போட போனில் அலாரம் வைத்திருக்கிறாள்.